இரண்டு கை வேண்டிய தாழ்ப்பாள்

காப்பெல், டெக்சஸ்
3 பிப்ரவரி 2025, திங்கள்

மகிழனின் அம்மாவுக்கு,

முதல் வகுப்பு டீச்சர் மிஸஸ் நஞ்சுண்டன் எழுதுவது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது சண்முகப்ரியா என்று நீ முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய். ஹூஸ்டனிலிருந்து நீங்கள் திரும்பி வந்து, மகிழன் என் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் பள்ளி விடும்போது பிக்கப் லைனில் ஒரு நாளாவது நீ கார்க் கண்ணாடியை இறக்கியிருக்கிறாயா? மழை பெய்த அன்றும் கூலிங்கிளாஸ். பேரன்ட் மீட்டிங்குக்கு உன் வீட்டுக்காரர் சபரியை அனுப்பினாய். அந்தக் காலத்தில் வாரம் பூரா வேறு ஊரில் வேலை பார்த்த மனிதர், என்னைப் பார்த்ததே இல்லை. "மகிழன் வீட்ல உங்களப் பத்தியேதான் பேசறானுங்க மேடம்" என்று சிரித்துவிட்டு, மிஸ்டரி ரீடர் பட்டியலில் இந்த வெள்ளிக்கிழமைக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். வாரா வாரம் ஓர் அம்மாவோ அப்பாவோ சொல்லாமல் வந்து வகுப்புக் கதவைத் தட்டிக் கதை வாசிக்க வேண்டும். யார் வரப்போகிறார்கள் என்று அவர்கள் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. கதவு திறக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதம் தினமும் வீட்டுக்கும் வகுப்புக்கும் போய்வரும் மகிழனின் ஃபோல்டரில்தான் வருகிறது. அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது.

எங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். போன வாரம் பென்குயின், அதற்கு முந்தின வாரம் பல். இந்த வாரம் 'கதவு'. இன்று காலை கம்பளத்தில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். முயல்களின் பள்ளிக்கூடம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. யாரோ அதைத் தாழ் போடாமல் போய்விட்டார்கள். ஒரு முயல்குட்டி வெளியே போய்விட்டது. குட்டி கிடைத்துவிட்டது, ஆனால் பழி அங்கே வேலை பார்த்த சாம்பல் முயல் மேல் விழுந்தது. அது பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்துவிட்டது யார் என்று நான் சொல்லவில்லை.

இருபத்திரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அந்தக் கதையைப் படம் போட்டுப் புத்தகமாகச் செய்கிறார்கள். கடைசிப் பக்கம் காலி. வெள்ளிக்கிழமை வருகிறவர்தான் அதை நிரப்பி வாசிக்க வேண்டும்.

ஆறு வருஷம் காத்திருந்தேன். இன்னும் நாலு நாள்தானே.

சண்முகப்ரியா


4 பிப்ரவரி, செவ்வாய்

திருமதி சண்முகப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு டீச்சர் செய்கிற வேலையா இது? 2018-இல் நடந்ததை இப்போது ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்வதற்கா உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்?

மகிழன் நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக் கழற்றாமல் கேட்ட முதல் கேள்வி, "ஹூ லெஃப்ட் இட் ஓபன், அம்மா?" சாப்பிடும்போது கேட்டான். குளிக்கும்போது கேட்டான். "காத்தா இருக்கும் கண்ணா, விண்ட்" என்றேன். "மிஸஸ் நஞ்சுண்டன் அன்னிக்குக் காத்தே இல்லன்னு சொன்னாங்க" என்கிறான்.

என் பக்கம் ஒரே ஒரு வரிதான். அன்று நான் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் போனேன். நீங்கள் வேலை பார்த்த பிரீஸ்கூலில் அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கடைசியாக அந்தக் கதவருகே நின்றது நீங்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸில் மீட்டிங் இருக்கிறது. வர முடியாது. இதை இத்தோடு விடாவிட்டால் உங்கள் கடிதத்தைப் பிரின்சிபாலிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்.

யாமினி


4 பிப்ரவரி, செவ்வாய்

மகிழனின் அம்மாவுக்கு,

தாராளமாகக் காட்டு. எங்கள் பிரின்சிபாலுக்குத் தமிழ் தெரியாது. நீதான் எதிரில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். "அன்று கதவைத் திறந்துவிட்டது யார்?" என்ற இடம் வரும்போது நிதானமாகச் சொல். பக்கத்தில் சபரியையும் உட்கார வைத்துக்கொள். அவரிடம் நீ என்ன கதை சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

இன்று கணக்குப் பாடம். நாலு நிமிஷம் என்றால் எவ்வளவு? முதலில் கண்ணை மூடிக்கொண்டு நாலு நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னேன். ஒன்றரை நிமிஷத்திலேயே ஷ்ரேயஸ் "டன்!" என்று எழுந்துவிட்டான். பிறகு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், மூன்று வயதுக் குழந்தை நடப்பதுபோலச் சின்னச் சின்ன அடியாக நாலு நிமிஷம் நடக்கச் சொன்னேன். உன் பிள்ளை வேலியை ஒட்டி ஒரு முழுச் சுற்று வந்தான். நின்ற இடத்தில் அவன் பெயர் எழுதிய ஆரஞ்சுக் கூம்பை வைத்தோம்.

உன் மூன்று வயதுப் பெண் ரோஷினியை அந்தப் பார்சல் வண்டிக்காரர் ரோட்டோரத்தில் தூக்கியபோது சரியாக நாலு நிமிஷம் ஆகியிருந்தது. நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும்? நீ அப்போது காரில் போய்க்கொண்டிருந்தாய். அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நான். என் துப்பட்டாவை விடவே மாட்டேன் என்றாள்.

மறுநாள் நீ அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை எனக்கு யாரோ அனுப்பினார்கள். "அங்க இருக்கற ப்ரியா ஆன்ட்டிய நம்பி யாரும் குழந்தைய விடாதீங்க. கேட்டப் பூட்டக்கூடத் தெரியாது." அந்த வார நவராத்திரிக்கு நான் கொலு வைத்திருந்தேன். முப்பது பேருக்குக் கொண்டைக்கடலை ஊறவைத்தேன். ஒருத்தர் வரவில்லை. ஒரு குழந்தையின் செருப்புகூட என் வாசலில் இல்லை. நானும் அவரும் மூன்று நாள் அந்தச் சுண்டலைத் தின்றோம். அப்புறம் கொலுவே வைக்கவில்லை.

மீட்டிங்கைத் தள்ளிப்போட்டுக்கொள்.

சண்முகப்ரியா


5 பிப்ரவரி, புதன்

அக்கா என்று கூப்பிட்ட வாயால் இப்படிக் கேட்க வைக்கிறீர்கள். கேட்கிறேன்.

அந்தப் பக்கவாட்டுக் கதவு வழியாக என்னை வரச் சொன்னது யார்? முன்பக்கம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே எல்லாப் பெற்றோரும் வர வேண்டும்? "ஏம்புள்ள, கைக்கொழந்தையோட கார் சீட்டத் தூக்கிட்டு அத்தன தூரம் சுத்திட்டு வர்றே? நம்ம ஊர்க்காரிதானே, இப்படி வா, நான் திறந்து விடறேன்" என்று கூப்பிட்டது யார்? நீங்கள் திறக்காத கதவை நான் எப்படித் திறந்து போட முடியும்? அதை உங்கள் முயல் கதையில் சேர்த்தீர்களா?

எனக்கு அப்போது பிரசவமாகி இரண்டு மாசம். அம்மா விசா கிடைக்காமல் ஊரிலேயே நின்றுவிட்டாள். சபரி வெள்ளி ராத்திரி வந்து ஞாயிறு கிளம்பிவிடுவார். ரோஷினி மறந்துவிட்டுப் போன லஞ்ச் டப்பாவைக் கொடுக்க வந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

மகிழன் நேற்று வீட்டில் இருக்கும் எல்லாக் கதவையும் பூட்டிப் பூட்டிப் பார்த்தான். கராஜ் கதவு, பேக்யார்ட் கேட், பாத்ரூம். ரோஷினி உள்ளே இருக்கும்போதே வெளியே நின்று இழுத்துப் பார்க்கிறான். கொடுத்துவிட்ட தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. என்மேல் இருக்கும் ஆத்திரத்தை என்மேல் காட்டுங்கள். என் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

யாமினி


5 பிப்ரவரி, புதன்

யாமினி,

பெயரைச் சொல்லி எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஒரு உண்மையைச் சொல்லிவிட்டாய். உன்னை உள்ளே விட அந்தக் கதவைத் திறந்தது நான்தான். நம்ம பக்கத்துப் பொண்ணு, பச்சை உடம்பு, கையில் குழந்தை என்று விதியை மீறினேன். பிரீஸ்கூல் முதலாளியிடம் அன்றே அதை ஒப்புக்கொண்டேன். "யார் தாழ் போடவில்லை?" என்று அவள் கேட்டபோது, "யாமினியைக் கேளுங்கள், அவள் பொய் சொல்ல மாட்டாள்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே எத்தனை தடவை செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

வேலை போனது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எந்த இடத்திலும் பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். நாலு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, டீச்சர் சர்டிஃபிகேட் வாங்கி, நம்மாட்கள் யாரும் அடையாளம் கண்டுபிடிக்காத கடைசிப் பெயரை மாட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றேன். டிசம்பரில் புதுப் பிள்ளைகள் பட்டியல் வந்தது. உன் பிள்ளையின் பெயரைப் பார்த்தேன். இந்த வாரத்தை அன்றே தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

இன்று சயின்ஸ். தாழ்ப்பாள் எப்படி வேலை செய்கிறது? கடையில் தேடி, அந்தப் பிரீஸ்கூல் கதவில் இருந்த அதே மாதிரித் தாழ்ப்பாளை வாங்கினேன். ஒரு சின்ன மரக்கதவில் பொருத்திக்கொண்டு போனேன். மேலே உள்ள குமிழை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், மறு கையால் கதவை இழுக்க வேண்டும். குமிழைத் தூக்காமல் இழுத்தால் மூடினதுபோல நிற்கும், பூட்டாது. எல்லோரும் செய்து பார்த்தார்கள். மகிழன் புத்தகப் பையை ஒரு கையில் வைத்துக்கொண்டே முயன்றான். முடியவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு ரெண்டு கையும் வேணும். அந்த முயல் கையில ஏதாவது வச்சிருந்துச்சா?" என்று கேட்டான்.

உன் பிள்ளை கெட்டிக்காரன். வீட்டுக்கு வந்து உன்னிடமும் கேட்பான். பதில் தயாராக இருக்கட்டும்.

நாளைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது எப்படி என்று பாடம். தேதி, டியர் இன்னார், என்ன செய்தேன், ஏன் வருத்தம், இனி என்ன செய்வேன், கையெழுத்து. முதல் வகுப்புப் பிள்ளைகள் முப்பது நிமிஷத்தில் எழுதிவிடுவார்கள். உனக்கு ஆறு வருஷம் போதவில்லை.

சண்முகப்ரியா


6 பிப்ரவரி, வியாழன்

யாமினி,

காலையில் ஃபோல்டரில் உன் பதில் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். காபியைக்கூட ரசித்துக் குடித்தேன்.

மன்னிப்புக் கடிதப் பாடத்தில் மற்றவர்கள் எல்லாம் அண்ணனுக்கு, நாய்க்குட்டிக்கு, உடைத்த லெகோவுக்கு என்று எழுதினார்கள். மகிழன் முதல் ஆளாக முடித்தான். கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான். அவன் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். மூலத்தைத் தர மாட்டேன், அது எனக்கு வந்த கடிதம்.

"டியர் மிஸஸ் நஞ்சுண்டன், நான் கனமா இருந்ததுக்கு சாரி. நான் பேபியா இருந்தேன். அம்மா என்னைத் தூக்கிட்டு இருந்தாங்க. அதனால கேட்டைப் பூட்ட ரெண்டு கை இல்லை. அதனால நீங்க பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. இப்ப நான் நாற்பத்தெட்டு பவுண்டு. ஆனா இப்ப நானே நடக்கறேன். லவ், மகிழன்."

அடியில் ஒரு சாம்பல் முயல் படம். கையில் பை.

என்னடி சொன்னாய் அவனிடம்? ஆறு வருஷமாக எனக்குச் சொல்ல வராத உண்மை, பிரீஸ்கூலில் சொல்ல வராத உண்மை, கட்டின புருஷனுக்குச் சொல்லாத உண்மையை நேற்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். அதிலும் பாதி உண்மை. "கைல நீ இருந்தே" என்று சொல்லியிருப்பாய். அன்று என் தலையில் வைத்த பழியை எடுத்து, இப்போது அவன் தலையில் வைத்துவிட்டாய்.

உன்னை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. முடியவில்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளோடு அவனை மல்லுக்கட்ட விட்டது நான். உன்மேல் போட வேண்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து குறிபார்த்து எறிந்த கல் எல்லாம் அவன்மேல் விழுந்திருக்கிறது. "நீ கனமாவே இல்ல கண்ணா" என்றேன். அவன் நம்பவில்லை. "நீங்க என்னைத் தூக்கினதே இல்லையே" என்றான்.

நாளை கண்டிப்பாக வா. என்னிடம் தோற்பதற்காக வேண்டாம். கடைசிப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அதை அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சண்முகப்ரியா


8 பிப்ரவரி, சனி

ப்ரியாக்கா,

இதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் உங்கள் பிள்ளைகள் எழுதுகிற முறையிலேயே எழுதுகிறேன்.

என்ன செய்தேன். கையில் மகிழன் இருந்த கார் சீட்டோடு கதவை முழங்கையால் இழுத்தேன். மூடினதுபோல நின்றது. பூட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த 'க்ளிக்' சத்தம் கேட்கவில்லை. கீழே வைத்துவிட்டு மறுபடி பூட்டலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். மகிழன் அப்போதுதான் தூங்கியிருந்தான், எழுந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். ரோஷினி என் பின்னாலேயே வந்திருக்கிறாள். நான் காரை எடுத்தபோது அவள் பார்க்கிங்கில் நின்றிருக்கிறாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அக்கா. பெற்ற பெண்ணை ரோட்டில் விட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போனேன் என்று யாரிடம் சொல்வேன்? சபரியிடமா? மாமியாரிடமா? போலீஸ் வந்து இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அன்று முழுக்க நடுங்கினேன். முதலாளியம்மா கேட்டதும் உங்கள் பெயர்தான் வாயில் வந்தது. நீங்கள் எனக்காகப் பேசுவீர்கள் என்று தெரியும், அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். வாட்ஸ்அப்பில் போட்டது அதைவிடப் பெரிய பாவம். நீங்கள் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்து போட்டேன்.

புதன்கிழமை மகிழன் கேட்டான். "அம்மா, அந்த கிரே முயல் மிஸஸ் நஞ்சுண்டனா?" உங்கள் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். என்னால் முடியவில்லை. "ஆமாடா, நாந்தான் திறந்துட்டுப் போனேன், கைல நீ இருந்தே, என்னடா பண்ணுவேன்?" என்று கத்திவிட்டேன். அவன் போய்த் தன்னுடைய பழைய கார் சீட் எங்கே என்று ரோஷினியிடம் கேட்டானாம்.

நேற்று நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கதவைத் தட்டினேன். "அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு முயல் படம். கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வாசித்ததை உங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், அவனைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "அம்மா முயல்தான் கதவைப் பூட்டாமல் விட்டாள். கூடையில் குட்டி இருந்தது. ஆனால் குட்டிமேல் தப்பில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டியிருக்கலாம். பத்து நொடி."

அந்த ஷ்ரேயஸ் கையைத் தூக்கி, "அப்புறம் ஏன் கிரே முயல்மேல சொன்னாங்க?" என்று கேட்டானே. அதற்கு நான் பதில் சொல்லாமல் நின்றபோது, நீங்கள் குறுக்கே வந்து என்னைக் காப்பாற்றுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "பயமா இருந்துச்சு" என்று கடைசியில் நானே சொல்ல வேண்டியிருந்தது. நாலு நிமிஷம் இருக்குமா அக்கா அது? எனக்கு அப்படித்தான் இருந்தது.

சபரியிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை அதே குரூப்பில், அதே பெயரில் போட்டேன். "2018-ல என் பொண்ணு பிரீஸ்கூல் கேட்ட விட்டு வெளிய போனது என்னால. கேட்டப் பூட்டாமப் போனது நான். சண்முகப்ரியா மேல பழி போட்டேன். அது பொய். அவங்கதான் என் பொண்ணப் பார்த்துக்கிட்டாங்க."

ஏன் வருத்தம் என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதினாலும் சின்னதாக இருக்கிறது. இனி என்ன செய்வேன் என்பதும் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் மகிழனை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

யாமினி


10 பிப்ரவரி, திங்கள்

யாமினி,

இதைத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். இனி அவன் ஃபோல்டரில் என் கையெழுத்து வந்தால் அது கணக்குப் பாடமாகத்தான் இருக்கும்.

குரூப்பில் நீ போட்டதைப் பார்த்தேன். ஐம்பத்தாறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஷ்யாமளா ஆன்ட்டி போன் பண்ணி, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்டி ப்ரியா" என்றாள். ஆறு வருஷம் இந்தியன் ஸ்டோரில் என்னைப் பார்த்தாலே பருப்பு ஷெல்ஃபுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவள். இந்த நாளை நினைத்து நினைத்து எத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன் தெரியுமா? வந்தபோது, போனை வைத்துவிட்டு அழுதேன். ஏனென்று என்னைக் கேட்காதே.

வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றேதான் குறுக்கே வரவில்லை. நாலு நிமிஷம் இல்லை, ஐம்பது நொடி. அதுவாவது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டாய், வாங்கி வைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை, பொய் எழுதவும் வரவில்லை.

மகிழனை வேறு வகுப்புக்கு மாற்றாதே. அவனிடம் எனக்கு ஒரு பாக்கி இருந்தது, அதை இன்று காலை முடித்தேன். வீட்டிலிருந்து இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டை ஒன்றை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு மாசக் குழந்தையும் கார் சீட்டும் சேர்ந்தால் அவ்வளவுதான் இருக்கும். "இதுதான் பேபி" என்றேன். ஒவ்வொருவராக வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு, நம் மரக்கதவு வரை நடந்து, மூட்டையைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் தாழ் போட்டு, திரும்பத் தூக்கிக்கொள்ள வேண்டும். மகிழன் கடைசியாக வந்தான். மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான், முகம் சிவந்தது. மெதுவாகக் கீழே வைத்தான், அது தூங்கிக்கொண்டிருப்பதுபோல. 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. மறுபடி தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். போன திங்கட்கிழமைக்கு அப்புறம் இன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

"ஈஸிதான்" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது அம்மாவுக்குத் தெரியலையா?" என்று கேட்டான்.

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், கையெழுத்தோடு. வாய் வரை வந்தது. "தெரியலடா. ரொம்பக் களைச்சுப் போயிருந்தாங்க" என்றேன். அவனுக்காகச் சொன்னேன். உனக்காக இல்லை.

இந்த வருஷம் கொலு வைக்கிறேன். முப்பது பேருக்குக் கடலை ஊறவைப்பேன். மகிழனையும் ரோஷினியையும் அனுப்பு, அவர்கள் செருப்பு முதலில் என் வாசலில் கிடக்கட்டும். முன்வாசல் வழியாக வரச் சொல். நீ வெளியே காரிலேயே உட்கார்ந்திரு, கண்ணாடியை மட்டும் இறக்கி வை.

சண்முகப்ரியா